இடிந்தகரை: மின்வெட்டும் தேசத்துரோக வழக்கும்

2011 செப்டம்பரில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் கூடங்குளம் காவல் நிலையத்தில் அணு உலை எதிர்ப்புப் போராட்டம் தொடர்பாக 107 எஃப்.ஐ.ஆர். போடப்பட்டன, அவற்றில் குற்றம்சாட்டப்பட்டவர்களைக் கூட்டினால் 55,795 பேர் வருகிறார்கள். போராட்டத்தின் பக்கம் நின்று நேரில் போய் விசாரித்த குழுவினர் 2012-இல் சொன்ன கணக்கு இது. போராட்டம் மையம்கொண்டிருந்த கடற்கரை ஊரான இடிந்தகரையின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு. இதில் தேசத்துரோகம் (124ஏ), நாட்டின் மீது போர் தொடுத்தல் (121) ஆகிய பிரிவுகளில் எத்தனை பேர் என்பதற்கு ஒரே எண் கிடையாது. ஆறாயிரத்துச் சொச்சம் என்று ஒரு கணக்கு, ஒன்பதாயிரத்தை ஒட்டி இன்னொரு கணக்கு. சின்னக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் ஒரே காவல் நிலையத்தில் அத்தனை தேசத்துரோகிகள் என்பது சுதந்திர இந்தியாவில் கேள்விப்படாத விஷயம்.

எண்ணிக்கை இப்படி ஏறியதற்குக் காரணம், அந்த எஃப்.ஐ.ஆர்.கள் எழுதப்பட்ட விதம். முதலில் போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப. உதயகுமார், புஷ்பராயன் என்று அறிந்த பெயர்கள் சில வரும். அப்புறம் இன்னும் இரண்டாயிரம் பேர், மூவாயிரம் பேர் என்று பெயரில்லாத கூட்டம். ஒரே ஆள் பத்து வழக்கில் இருக்கலாம். ஒன்றிலும் இல்லாமலும் இருக்கலாம். தான் பட்டியலில் இருக்கிறோமா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. தேவைப்பட்டபோது தேவைப்பட்ட பெயரைச் செருகிக்கொள்ளப் போலீஸுக்கு இடம் இருந்தது. ஊரையே சிறையில் அடைக்க முடியாது. ஊரையே வழக்கில் வைத்திருக்க முடியும்.

கூடங்குளம் என்றாலே உலை பாதுகாப்பானதா இல்லையா என்ற விவாதத்தில்தான் போய் நிற்போம். அதை இங்கே கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். கேள்வி கேட்ட ஒரு வட்டாரத்தை இரண்டு அரசுகள் எப்படிக் கையாண்டன, மின்வெட்டு அதற்கு எவ்வளவு தூரம் கைகொடுத்தது, கேட்ட கேள்விகள் பிற்பாடு என்ன ஆயின என்பதுதான் நான் பார்க்க விரும்புவது.

போராட்டம் ஜப்பானிலிருந்து வரவில்லை

புகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பயந்துபோய்த்தான் இந்த மக்கள் தெருவுக்கு வந்தார்கள் என்று ஒரு பேச்சு அப்போது பரவலாக இருந்தது. பாதிதான் உண்மை. ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1988 நவம்பர் 20-இல். ஆறே மாதத்தில், 1989 மே 1 அன்று, தேசிய மீனவர் பேரவையின் கடற்கரை நடைபயணம் கன்னியாகுமரியில் முடிந்தபோது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. கூடங்குளத்தில் ஒரு செங்கல் வைக்கப்படுவதற்கு முன்பே இந்த உலைக்காகக் குண்டு பாய்ந்துவிட்டது. சோவியத் யூனியன் உடைந்ததில் திட்டம் கிடப்பில் கிடந்தது; 1998-இல் துணை ஒப்பந்தம் போட்டு மீண்டும் எடுத்தார்கள்; 2002 மார்ச் 31-இல் முதல் கான்கிரீட் கொட்டினார்கள். ஆளுக்கு 1,000 மெகாவாட் வீதம் இரண்டு ரஷ்ய உலைகள்.

இந்த இரண்டு உலைகளுக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே நடக்கவில்லை. சுற்றுச்சூழல் அனுமதி 1989-லேயே வாங்கப்பட்டுவிட்டது. கருத்துக்கேட்பைக் கொண்டுவந்த விதிகள் அதற்குப் பிறகு வந்தவை. ஆக, 2004 சுனாமியைக் கண்ணால் பார்த்த ஒரு கரைக்கு, சுனாமிக்குப் பதினைந்து ஆண்டு முந்தைய அனுமதியே போதும் என்று ஆகிவிட்டது. புகுஷிமா 2011 மார்ச் 11-இல் நடந்தது. சில மாதங்களில் கூடங்குளத்தில் சோதனை ஓட்டம் தொடங்கியது. ஒரு அணு உலையைப் பேரலை என்ன செய்தது என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய குடியிருப்பு உலைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அந்தக் குடியிருப்பில் இருப்பவருக்குப் பயம் வருவதற்கு வெளியாள் யாரும் தூண்டிவிட வேண்டியதில்லை.

செப்டம்பர் 11-இல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் போட்ட பந்தலில் 127 பேர் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். உலை பாதுகாப்பானது, போராட்டத்தைக் கைவிடுங்கள் என்று முதல்வர் ஜெயலலிதா முதலில் அறிக்கை விட்டார். கூட்டம் கரையவில்லை, பெருகியது. சில நாளில் குரல் மாறியது. மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று செப்டம்பர் 22-இல் தமிழக அமைச்சரவையே மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அடுத்த மாதம் உள்ளாட்சித் தேர்தல்.

இந்தத் தீர்மானத்தைப் போராட்டக்காரர்கள் வெற்றியாக எடுத்துக்கொண்டு உண்ணாவிரதத்தை முடித்தார்கள். பந்தல் மட்டும் கலையவில்லை. பந்தலுக்கு வரும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். பேச்சு காதில் விழும், கை இலையை வெட்டிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு எண்ணிக்கொடுத்தால்தான் அன்றைய கூலி. ஆண்கள் கடலுக்குப் போய்வந்த வருமானத்தில் ஒரு பங்கைப் போராட்டத்துக்கு ஒதுக்கினார்கள். ‘பணம் எங்கிருந்து வருகிறது’ என்று டெல்லி கேட்டபோது, அந்தப் பந்தலில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும்.

இருட்டில் இருந்தவர்களின் நியாயம்

இப்போது கொஞ்சம் வடக்கே போவோம். 2012-இல் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சென்னைக்கு இரண்டு மணி நேரம். மற்ற மாவட்டங்களுக்கு எட்டு, பத்து, மோசமான நாட்களில் பதினான்கு மணி நேரம். கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தவர் கரன்ட் வரும் நேரத்துக்கு ஆளைக் கூப்பிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு வேலை பார்க்கவைத்தார். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகாமல் பட்டறையைப் பூட்டியவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எமர்ஜென்சி விளக்கில் படித்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் மின்கட்டணமும் ஏறியது. இல்லாத கரன்ட்டுக்கு அதிகக் கட்டணம் என்று ஊரெல்லாம் எரிச்சல்.

இந்த எரிச்சல் போய்ச் சேர ஒரு முகவரி வேண்டியிருந்தது. மின்வாரியத்தின் கடனும், பல ஆண்டுகளாகப் புதிய அனல் மின் நிலையங்கள் தாமதமானதும், காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோகப் போதிய மின்தடம் இல்லாததும் விளங்கச் சிரமமான காரணங்கள். ‘உலை தயாராக இருக்கிறது, இடிந்தகரைக்காரர்கள் விடமாட்டேன் என்கிறார்கள்’ என்பது உடனே விளங்கியது. உலையைக் கட்டி நடத்தும் மத்திய அரசு நிறுவனமான அணுமின் கழகம் விளம்பரம் கொடுத்தது. இன்னும் பதினைந்து நாளில் கூடங்குளம் மின்சாரம் வந்துவிடும் என்று மத்திய இணையமைச்சர் நாராயணசாமி சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பதினைந்து நாள் கடைசியில் தமிழ்நாட்டில் ஒரு நிரந்தர நகைச்சுவையாகவே ஆகிப்போனது. சிரித்தோம். ஆனால் உலை திறந்தால் இருட்டு தீரும் என்பதை மட்டும் மனதுக்குள் ஏற்றுக்கொண்டோம்.

கணக்கைப் பார்த்தால் அது நிற்காது. மாநிலத்தின் பற்றாக்குறை அப்போது சுமார் 4,000 மெகாவாட். முதல் உலையில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியிருந்தது 462.5 மெகாவாட்; எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டு உலையும் முழு வீச்சில் ஓடினால் 925. மீதி கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் புதுச்சேரிக்கும் மத்தியத் தொகுப்புக்கும். முதல் உலை மின்தொகுப்பில் இணைந்தது 2013 அக்டோபர் 22-இல், வணிக உற்பத்தி என்று அறிவித்தது 2014 டிசம்பர் 31-இல். அதற்குள் வல்லூர், மேட்டூரின் புதிய 600 மெகாவாட் அலகு, வடசென்னை இரண்டாம் நிலை எல்லாம் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. வெளியிலிருந்து நீண்டகால ஒப்பந்தத்தில் மின்சாரம் வாங்கவும் தொடங்கியாயிற்று. இருட்டைப் பெருமளவு விரட்டியது நிலக்கரி. இது எனக்குப் பிடித்த விடை என்பதால் சொல்லவில்லை; நடந்தது அது.

போராட்டக்காரர்களிடமும் இந்த இடத்தில் ஓட்டை இருந்தது. மாற்று என்ன என்று கேட்டால் காற்றாலையைக் காட்டினார்கள். காட்டுவதற்குச் சுற்றிலும் காற்றாலைதான், ராதாபுரம் வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இறக்கை சுற்றும். ஆனால் காற்று மே மாதத்தில் ஏறி செப்டம்பரோடு இறங்கிவிடும். 2012-இல் மின்வெட்டு உச்சத்தைத் தொட்டதே காற்று நின்ற அக்டோபர், நவம்பரில்தான். பட்டறைக்காரரின் இன்றைய ராத்திரிக்கு இயக்கத்திடம் பதில் இல்லை. அவரையும் தங்கள் பக்கம் கொண்டுவர வேண்டும் என்ற யோசனையும் போதிய அளவில் இருந்ததாகத் தெரியவில்லை. கடற்கரைக்கு வெளியே, குறிப்பாகக் கொங்கு வட்டாரத்தில், போராட்டம் தோற்றது போலீஸ் வருவதற்கு முன்பே.

பட்டறைக்காரர் கேட்டது கரன்ட். மீனவர் கேட்டது அறிக்கை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதிரி என்று ஆக்கப்பட்டது அரசியல் வேலை.

கேட்டவர் யார் என்ற கேள்வி

அறிக்கை என்றால் என்ன அறிக்கை? உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கை, இடத்தேர்வு மதிப்பீட்டு அறிக்கை. உதயகுமார் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். ரஷ்ய நிறுவனத்தின் வணிக ரகசியம் அடங்கியது என்று அணுமின் கழகம் மறுத்தது. மத்தியத் தகவல் ஆணையர் சைலேஷ் காந்தி 2012 ஏப்ரல் 30-இல் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. தேசத்துரோக வழக்கு போடப்பட்ட ஒரு மனிதர் அரசிடம் கேட்டது இரண்டு கோப்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அரசு பதில் சொன்ன விதத்தில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. முதலில் நிபுணர்கள் வந்தார்கள். முத்துநாயகம் தலைமையில் மத்திய அரசின் 15 பேர் குழு. 2011 நவம்பரில் அப்துல் கலாம் நேரில் வந்து பார்த்துவிட்டு முழுப் பாதுகாப்பானது என்றார், வட்டாரத்துக்கு 200 கோடி ரூபாயில் வளர்ச்சித் திட்டமும் முன்வைத்தார். ராமேசுவரத்துக்காரர் சொல்லியும் கேட்கவில்லையே என்று பலருக்கு வருத்தம். மாநில அரசின் குழுவில் இருந்தவர் அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் எம்.ஆர். சீனிவாசன். கட்டியவர்கள் வீட்டிலிருந்தே நடுவரையும் அழைத்துவந்தால் தீர்ப்பு என்னவாக இருக்கும்?

விளக்கம் எடுபடவில்லை என்றதும் பேச்சு கேள்வியிலிருந்து கேட்டவர் மேல் திரும்பியது. 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அமெரிக்க அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில், அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இருக்கும் தொண்டு நிறுவனங்களைக் கைகாட்டினார். தூத்துக்குடி மறைமாவட்டத்தோடு தொடர்புள்ள அமைப்புகளின் வெளிநாட்டு நன்கொடைக் கணக்குகள் முடக்கப்பட்டன. ரஷ்யா தொழில்நுட்பம் கொடுத்து, ரஷ்யா கடன் கொடுத்துக் கட்டிய உலையை எதிர்ப்பவர்களிடம் அந்நியக் கை தேடியதில் உள்ள வேடிக்கையை அப்போது ரசிக்க யாருக்கும் நேரமில்லை. அப்புறம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் மனநல நிபுணர்களைக் கொண்டு போராடும் மக்களுக்கு ஆலோசனை கொடுக்கும் ஏற்பாடு வந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது இதுதான். தடியடிகூட எதிராளியை எதிராளியாக மதிக்கிறது. பயத்தை நோய் என்று சொல்லிவிட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமையே போய்விடும்.

மார்ச் 19, செப்டம்பர் 10

சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு 2012 மார்ச் 18. சங்கரன்கோவிலும் அப்போது நெல்லை மாவட்டம்தான்; அதே மாவட்டத்தில் இருக்கும் உலைக்குத் தமிழக அமைச்சரவை பச்சைக்கொடி காட்டியது மார்ச் 19. கூடவே 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டம். அன்றே ஆயிரக்கணக்கில் போலீஸ் இறங்கியது, 144 தடை உத்தரவு வந்தது, கைதுகள் தொடங்கின. இடிந்தகரைக்குள் போகும் பாதைகள் அடைக்கப்பட்டன. பால், காய்கறி, தண்ணீர் லாரி வருவது நின்றது. தரைவழியை அடைத்தால் கடற்கரை ஊருக்கு இன்னொரு வழி இருக்கிறது. பக்கத்து ஊர்களிலிருந்து படகில் ஆளும் சாமானும் வந்தன. அதே வாரத்தில் நாகர்கோவிலில் உதயகுமார் குடும்பம் நடத்திய பள்ளி அடித்து நொறுக்கப்பட்டது.

ஆகஸ்ட் 31-இல் சென்னை உயர் நீதிமன்றம் உலைக்கு எதிரான மனுக்களைத் தள்ளுபடி செய்தது. எரிபொருள் நிரப்பும் நாள் நெருங்கியதும் செப்டம்பர் 9-இல் மக்கள் முற்றுகைக்குக் கிளம்பினார்கள். சாலை வழியாகப் போனால் தடுப்பார்கள் என்று கடற்கரை மணலில் நடந்தார்கள். உலையின் மதிலுக்குச் சற்றுத் தள்ளிப் போலீஸ் மறிக்க, அங்கேயே மணலில் உட்கார்ந்து இரவைக் கழித்தார்கள், குழந்தைகளோடு. மறுநாள் கண்ணீர்ப்புகை, தடியடி. ஒரு பக்கம் போலீஸ், ஒரு பக்கம் கடல் என்ற நிலையில் ஆட்கள் கடலில் குதித்தார்கள். அன்று மாலைக்குள் செய்தி கரையோரம் முழுக்கப் பரவி மறியல்கள் தொடங்கின. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் போலீஸ் சுட்டதில் ஒரு மீனவர் இறந்தார். மூன்று நாள் கழித்து இடுப்பளவு கடல்நீரில் நின்று போராடினார்கள். தலைக்குமேல் கடலோரக் காவல்படை விமானம் தாழப் பறந்தது. கைதான இடிந்தகரைப் பெண்கள் சிலர் திருச்சி பெண்கள் சிறையில் வாரக்கணக்கில் இருந்தார்கள். ஜாமீன் கிடைத்தபோதும் ஊருக்குத் திரும்பாமல் மதுரையில் தங்கிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. கேரளத்திலிருந்து தன் கட்சியின் நிலைப்பாட்டையும் மீறிப் பார்க்கக் கிளம்பிவந்த மார்க்சிஸ்ட் தலைவர் அச்சுதானந்தனை எல்லையிலுள்ள களியக்காவிளையிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு அப்போது 88 வயது.

வழக்கு என்ன செய்யும்

1962-லேயே கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வன்முறைக்கோ பொது ஒழுங்கைக் குலைக்கவோ தூண்டினால்தான் தேசத்துரோகம், அரசை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் அது தேசத்துரோகம் ஆகாது. இந்த வரையறைப்படி கூடங்குளம் வழக்குகள் தண்டனையில் முடியும் என்று போட்டவர்களே நம்பியிருக்க மாட்டார்கள். முடிய வேண்டிய அவசியமும் இல்லை. வள்ளியூர் கோர்ட்டுக்கு வாய்தா என்றால் அன்று கடலுக்குப் போக முடியாது. கடற்கரை இளைஞர்களுக்கு வளைகுடா வேலை ஒரு பெரிய வழி. வழக்கு நிலுவையில் இருந்தால் போலீஸ் சரிபார்ப்பு தேறாது, பாஸ்போர்ட் கிடைக்காது. பாஸ்போர்ட் இருந்தவர்களில் சிலருக்கு முடக்க நோட்டீஸ் வந்தது. மேடையில் ஒரு வார்த்தை பேசாத பையனும் இதில் அடக்கம். வீட்டில் ஒரு பையனுக்கு விசா தள்ளிப்போனால் அந்த வீடு அடுத்த போராட்டத்துக்கு வருமா வராதா என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கில் 2013 மே 6-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் தீபக் மிஸ்ராவும் உலை இயங்கலாம் என்று தீர்ப்பளித்தார்கள். 15 நிபந்தனைகள் விதித்தார்கள். அதில் ஒன்று, அமைதி திரும்பும்படி போராட்டக்காரர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்பது. உலைக்கான அனுமதி இரண்டே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. ஜூலை 13-இல் முதல் உலையில் அணுப்பிளவுத் தொடர்வினை தொடங்கியது. வழக்கு வாபஸ் மட்டும் துண்டு துண்டாக, ஆட்சிக்கு ஆட்சி, தேர்தலுக்குத் தேர்தல் அறிவிப்பாக வந்தது. ஒரு பகுதி கைவிடப்பட்டது, மீதி நின்றது. 2021 தேர்தலுக்கு முன் எடப்பாடி பழனிசாமி ஒருமுறை அறிவித்தார், வென்றபின் ஸ்டாலின் அரசு ஒருமுறை அறிவித்தது. பத்தாண்டு கழித்தும் அறிவிக்க மிச்சம் இருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

உதயகுமார் 2014-இல் ஆம் ஆத்மி வேட்பாளராகக் கன்னியாகுமரியில் நின்று தோற்றார். அந்த ஆண்டே நேபாளத்துக்குப் போகும் வழியில் டெல்லி விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார். தேசத்துரோகச் சட்டம் இப்படிப் பயன்படுத்தப்படுவதை எதிர்த்துக் காமன் காஸ் அமைப்போடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார். 2016 செப்டம்பரில் அந்த நீதிமன்றம் கேதார்நாத் தீர்ப்பைப் பின்பற்றுங்கள் என்று மறுபடி நினைவூட்டியது. அந்த அமர்விலும் தீபக் மிஸ்ரா இருந்தார். 2022 மே மாதம் 124ஏ பிரிவையே நிறுத்திவைத்தார்கள். 2024 ஜூலையில் புதிய தண்டனைச் சட்டம் வந்தபோது 152-ஆம் பிரிவு என்று வேறு உருவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கேட்ட கேள்விகள்

தரமற்ற பாகங்கள் வந்திருக்கின்றனவா என்று இயக்கம் கேட்டபோது வதந்தி என்றார்கள். பாகங்கள் கொடுத்த ரஷ்ய நிறுவனங்களில் ஒன்றான சியோ-பொடோல்ஸ்கின் கொள்முதல் இயக்குநர், மலிவான எஃகை வாங்கிப் பயன்படுத்தியதாக ரஷ்யாவிலேயே 2012-இல் கைதானார். கூடங்குளத்துக்கு வந்தவை சோதிக்கப்பட்டவை என்று இங்கே சொன்னார்கள். 2013 ஏப்ரலில் நான்கு வால்வுகளில் குறை இருப்பதாக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமே கண்டுபிடித்து மாற்றச் சொன்னது. வாரியம் வேலை செய்திருக்கிறது என்றும் இதைப் படிக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அதே கேள்வியை ஒரு வருடம் முன்னால் கேட்டவர் மீது போர் தொடுத்த வழக்கு இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2019 அக்டோபர் 29 அன்று, நிலையத்தின் கணினிகளில் வைரஸ் புகுந்ததாக வரும் தகவல் பொய் என்று நிலைய நிர்வாகம் அறிக்கை விட்டது. அக்டோபர் 30 அன்று, ஆமாம், நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் புகுந்தது உண்மைதான், செப்டம்பரிலேயே தெரியும், உலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பாதிப்பில்லை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு அமைப்பு தனி என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரே நாள் இடைவெளியில் இரண்டு அறிக்கை விடும் நிர்வாகத்தின் மூன்றாவது அறிக்கையை இடிந்தகரையில் ஒருவர் நம்பாமல் போனால் அவருக்கு மனநல ஆலோசனை தேவையா?

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி எரிந்த எரிபொருள், அதாவது உலையில் பயன்படுத்தி முடித்த அணு எரிபொருள், எங்கே போகும் என்பது. முதல் ஒப்பந்தத்தில் அது ரஷ்யாவுக்குத் திரும்பும் என்று இருந்தது. 1998-இல் அது மாறி இங்கேயே என்றானது. எங்கே வைப்பீர்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டபோது கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. கோலாரில் கொதித்தெழுந்தார்கள். அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அரசு உடனே பின்வாங்கியது. உலைக்கு வெளியே தனிச் சேமிப்பு வசதியை ஐந்தாண்டுக்குள் கட்ட வேண்டும் என்பது 2013 தீர்ப்பின் நிபந்தனை. 2018-இல் கெடு தீர்ந்தது. தொழில்நுட்பச் சிக்கல் என்று கழகம் அவகாசம் கேட்டு 2022 வரை வாங்கியது. அந்தச் சேமிப்பு வசதிக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2019 ஜூலை 10-இல் நடக்கும் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்தார்கள். இதற்கிடையில் மூன்றாவது, நான்காவது உலைகளுக்கு 2017-இலும், ஐந்தாவது, ஆறாவது உலைகளுக்கு 2021-இலும் கான்கிரீட் போட்டாயிற்று.